பஸ்ஸில் போன் பிடித்தவள்

இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ். பக்கத்து சீட்டுப் பெண் வீடியோ காலில் சைகையால் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் போன் இருந்ததால், மறு கைதான் திணறியது.

"நான் பிடிச்சுக்கவா?" என்று ஜாடை காட்டினேன். சட்டெனக் கொடுத்தார். இரண்டு கையும் கிடைத்ததும் வந்ததே வேகம்!

திரையில் இன்னொரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"உங்க ஸ்டாப் அம்மா மண்டபம் வந்தாச்சு, இறங்கலையாங்க?" என்றார் கண்டக்டர் என்னிடம்.

"அவங்க பேசி முடிக்கட்டும்ங்க."

கால் முடிந்ததும் அந்தப் பெண் போனில் டைப் செய்து காட்டினார்: "எங்க அக்கா. அவளுக்கும் காது கேக்காது. உப்பிலியபுரத்துல அவ வீட்டுக்கு இன்னைக்குதான் நெட் வந்துச்சு. முன்னாடி படம் நின்னு நின்னு வரும், பாதிப் பேச்சு புரியாது."

அடுத்த வரி: "நாளைக்கும் நீங்க இதே பஸ்தானேன்னு கேக்குறா."

நாளைக்கு எனக்கு லீவு. போகாமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க!