கிரேன்காரம்மா ஆற்றில் இறங்கிய நாள்

துறைமுகத்தில் எல்லோரும் அவளைக் கிரேன்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. காலையில் மேலே ஏறினால் பத்து மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டு. அதற்குள் குனிந்து உட்கார்ந்து, காலுக்கு அடியில் நிற்கும் கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்குவது வேலை. பேச்சுத் துணைக்கு ஒரு வாக்கி டாக்கி. அதிலும் கீழே நிற்கிற ஆளோடு பேசுவது, "மெதுவா... இடது... இன்னும் கொஞ்சம்... விடு" என்ற அளவில்தான். இருபது வருஷம் அப்படியே ஓடியதில், தரைக்கு இறங்கிய பிறகும் அவளுக்கு வாய் திறக்காமல் போயிற்று. கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் வராது.

கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து வீட்டில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள். நாற்பத்துநாலு வயதில், ஹெல்மெட்டுக்குள் கசகசக்கிற கூந்தலைக் கட்டையாக வெட்டிவிடலாம் என்று துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

சலூன்காரர் அவளுக்கு நேர் எதிர். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. மழை வருமா வராதா என்று ஆரம்பித்தால் மாமியார் வீட்டுச் சண்டையைத் தொட்டுவிட்டு மறுபடி மழைக்கே வந்து நிற்பார். அன்றைக்கு அவள் இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள். நாற்காலியில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வெயில் தணிந்திருந்தது. கடைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சலூன்காரர் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுப்ப மனசு வரலைங்க" என்றார்.

இவ்வளவு பேசுகிற மனுஷன் எனக்காக அரைநாள் பேசாமல் இருந்திருக்கிறாரே என்பது அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. மாதா மாதம் முடி வெட்டப் போனாள். பிறகு வெட்டுவதற்கு முடி இல்லாதபோதும் போனாள். அடுத்த வருஷம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது.

சலூன்காரருக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி உடம்புக்கு முடியாமல் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மா செல்லமாக வளர்த்த நாய் வீட்டில் இருந்தது. தவிட்டு நிறம், தொங்கிய காது, எந்நேரமும் யாரையோ சந்தேகப்படுகிற முகம். பேர் இன்ஸ்பெக்டர். பை, பெட்டி, விருந்தாளி எதையும் மோந்து பார்க்காமல் அது உள்ளே விடாது. புது மனைவியையும் தலையிலிருந்து கால்வரை சோதனை போட்டது. உள்ளே விட்டது. அதோடு முடித்துக்கொண்டது. அவள் சோறு வைத்தால், அவள் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். அவள் கூப்பிட்டால் சுவரைப் பார்க்கும்.

"மனசுல வச்சுக்காதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "அது பெரிய அண்ணி மடியிலேயே வளர்ந்தது. இனிமே யார்கிட்டயும் ஒட்டாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கேட்டவளுக்கு அது தீர்ப்பு மாதிரி இருந்தது. ரெண்டு வருஷமாக அவளும் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை.

இதற்கிடையே சலூன்காரர் ஒரு பழைய ரொட்டி வேனை எங்கிருந்தோ பிடித்துவந்தார். கடை விடுமுறை நாளெல்லாம் அதற்குள்ளேயே கிடந்தார். பின்பக்கம் ஒரு கட்டில், அதன் ஓரம் சின்ன அடுப்பு, கூரையில் தண்ணீர்த் தொட்டி, பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில் கடையில் மாற்றிப்போட்ட பழைய சலூன் நாற்காலி. அது சுற்றும், சாயும், மிதித்தால் உயரும். ஊர் சுற்றிப் படுத்துத் தூங்க ஒரு கேம்பர் வண்டி தயார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் இன்னமும் ரொட்டி வாசம் அடித்தது.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள். ஆத்தங்கரை. நாம மூணு பேர்" என்றார் சலூன்காரர்.

மூணு பேர் என்றது அவள் காதில் விழுந்தது. வீட்டில் அறைகள் இருந்தன, கதவுகள் இருந்தன, ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம். ரொட்டி வேனுக்குள் எங்கே போவது? ஆனாலும் சரி என்று தலையாட்டினாள்.

ஆறு அந்த இடத்தில் அகன்று, ஆழமில்லாமல், கூழாங்கற்களின் மேல் சலசலத்துக்கொண்டு ஓடியது. கரையெல்லாம் புல். கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் மட்டும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வேன் நிற்பதற்குள் இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கி, மரங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கக் கிளம்பிவிட்டது. சலூன்காரர் டீ போட்டார், முட்டை பொரித்தார், வழியெல்லாம் பேசியதை மறுபடி முதலிலிருந்து பேசினார். கிரேன்காரம்மா தண்ணீரிலிருந்து தள்ளியே ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உயரத்துக்கு அஞ்சாதவள் தண்ணீருக்கு அஞ்சுவாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நீச்சல் தெரியாது. தினம் தினம் கடலைப் பார்க்கிறாள்தான், ஆனால் மேலேயிருந்து.

மத்தியானம் தட்டுகளைக் கழுவப் போன சலூன்காரர் பாசி பிடித்த கல்லில் கால் வைத்தார். அம்மா என்று ஒரு அலறல். அவள் ஓடிப் போய்ப் பார்த்தால், பாதி தண்ணீரிலும் பாதி கரையிலுமாகக் கிடக்கிறார், கணுக்கால் மடங்கியிருக்கிறது. கக்கத்தில் கை கொடுத்து அவரைத் தூக்கினாள். வலி தாங்காமல் அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார். எங்கிருந்தோ பாய்ந்து வந்த இன்ஸ்பெக்டருக்கு என்ன தோன்றியதோ, இவள்தான் அவரை என்னவோ செய்கிறாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு அவள் முழங்கையை நோக்கி எகிறியது.

ரெண்டு வருஷத்துக் கோபமும் அந்த ஒரு நொடியில் வெளியே வந்துவிட்டது.

"சீ, போ! எங்கேயாவது தொலைஞ்சு போ!"

அவ்வளவு பெரிய குரல் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் காதை மடக்கிக்கொண்டு, ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு ஓடியது. அவள் சொன்னதை அது முதல்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். நிற்காமல் ஓடியது.

சலூன்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தூக்கி வைத்து, ஈரத்துணி சுற்றினாள். விரல்களை ஆட்டச் சொன்னாள், ஆட்டினார். "எலும்பு ஒண்ணும் ஆகியிருக்காது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். வண்டிய நான் ஓட்டறேன்" என்றாள்.

"இன்ஸ்பெக்டர் எங்கம்மா?"

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். கை தட்டிப் பார்த்தார். புல்வெளி காலியாகக் கிடந்தது. அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் போல ஆகிவிட்டது. இந்த மனுஷனுக்கு அந்த அம்மாவிடமிருந்து மிச்சம் இருப்பது அந்த ஒரு ஜீவன்தான் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது.

"நீங்க அசையாம இருங்க. நான் கூட்டிட்டு வரேன்."

தூண்டில் பெரியவர் ஆற்றின் நடுவே கையைக் காட்டினார். "அந்தத் திட்டுக்குப் போச்சும்மா. திரும்பி வரல. கத்திக்கிட்டே இருக்கு."

ஆற்றின் நடுவில் மணல் திட்டு. அதில் கொஞ்சம் புதர். புதருக்குள்ளிருந்து விட்டு விட்டு ஒரு முனகல். பெரியவருக்கு எழுந்து நடக்கவே கைத்தடி வேண்டும், அவரை அனுப்ப முடியாது. "முழங்காலுக்கு மேல இருக்காது, போம்மா" என்று மட்டும் சொன்னார். கிரேன்காரம்மா செருப்பைக் கழற்றினாள். முதல் அடியிலேயே தண்ணீர் கணுக்காலை இழுத்தது. கீழே பார்த்தாள், தலை சுற்றியது. அப்புறம் கீழே பார்க்கவே இல்லை. புதரையே பார்த்துக்கொண்டு, தனக்குத் தானே, "மெதுவா... இன்னும் கொஞ்சம்... மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். முழங்காலுக்கு மேல் இருக்காது என்றாரே, இடுப்புவரை நனைந்திருந்தது.

யாரோ அறுத்துப் போட்ட நைலான் தூண்டில் நரம்பு இன்ஸ்பெக்டரின் முன்னங்காலில் நாலைந்து சுற்றுச் சுற்றி, மறுமுனை வேரில் சிக்கியிருந்தது. இழுத்து இழுத்து அது சதையில் இறங்கியிருந்தது. அவளைக் கண்டதும் நாய் உறுமியது.

அவள் எட்டியே மணலில் உட்கார்ந்தாள். என்ன பேசுவது? சலூன்காரராக இருந்தால் இந்நேரம் பாதி ராமாயணம் சொல்லியிருப்பார். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பேச்சுதான். வாக்கி டாக்கியில் பேசுகிற அதே தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல் ஆரம்பித்தாள்.

"சரி. இழுக்காத. அப்படியே இரு. நான் வரேன். கொஞ்சம்தான். நில்லு... நில்லு... சரி."

ஒவ்வொரு "சரி"க்கும் ஒரு கை அளவு நகர்ந்தாள். உறுமல் தேய்ந்து முனகல் ஆயிற்று. கிட்டே போன பிறகு வார்த்தை தானாக வந்தது.

"தொலைஞ்சு போன்னு சொன்னது தப்புதான். வாய் தவறிடுச்சு. உங்கம்மா இடத்துக்கு நான் வரலடா. அந்த இடம் அவங்களுதுதான், யாரும் எடுக்க மாட்டாங்க. எனக்கு வேற ஒரு இடம் குடு, வாசப்படியா இருந்தாலும் போதும்."

கத்தி எடுத்து வரவில்லை. நரம்பு கைக்கு அறுபடுகிற ஜாதியும் இல்லை. குனிந்து, காலுக்கும் வேருக்கும் நடுவே இருந்த நரம்பைப் பல்லில் வைத்துக் கடித்தாள். நாயின் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. சூடான மூச்சு கழுத்தில் பட்டது. கடிக்கிறதானால் கடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இன்ஸ்பெக்டர் அவள் குட்டை முடியை முகர்ந்தது. வலப்பக்கம் முகர்ந்தது, இடப்பக்கம் முகர்ந்தது, விசாரணை திருப்தியாக முடிந்தது போல ஒரு பெருமூச்சு விட்டது. நரம்பு அறுந்தது. காலில் சுற்றியிருந்ததை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கும்வரை அது அசையவே இல்லை.

திரும்பும்போது நாய்தான் முன்னால் போனது. நொண்டிக்கொண்டே, அவள் வந்த வழியை விட்டுவிட்டு, கொஞ்சம் மேலே வளைத்துக்கொண்டு போயிற்று. நாலடி போகும், நின்று திரும்பிப் பார்க்கும். அவள் அதன் பின்னாலேயே நடந்தாள். இந்த முறை நிஜமாகவே தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை.

கரையில் சலூன்காரர் ஒற்றைக் காலில், ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல?"

"உனக்கு நீச்சல் தெரியாதே!" என்றார்.

அவள்தான் வண்டியை ஓட்டினாள். பக்கத்து ஊர் மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தசைநார்தான் இழுத்துக்கொண்டது, முறிவு இல்லை என்று கட்டுப் போட்டார்கள். நர்ஸ் பெண் நல்ல மனசுக்காரி. இன்ஸ்பெக்டரின் காலுக்கும் மருந்து தடவி, சின்னதாக ஒரு கட்டுப் போட்டுவிட்டாள்.

"பத்து நாள் ஓய்வுல இருங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சலூன்காரர் மெல்ல, "ஓய்வுன்னா... வீட்டுல தான் எடுக்கணும்னு ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

கிரேன்காரம்மா வண்டியை ஆற்றுப் பக்கம் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணன் சொல்லி விஷயம் தெரிந்த நாத்தனார் போனில் குதித்தாள். "என்ன அண்ணி இது! அடிபட்ட மனுஷன வச்சுக்கிட்டு அங்கேயே இருக்கீங்க!"

"அவர் நல்லாத்தான் இருக்கார்" என்றாள் கிரேன்காரம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திட்டு, புதர், நரம்பு, நாய் நின்று நின்று பார்த்தது, நர்ஸ் பெண் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். சலூன்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இன்ஸ்பெக்டர் அவள் பாதத்தின் மேல் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தது. எப்போது வந்து படுத்தது என்று அவள் கவனிக்கவில்லை. கால் மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பினார்கள். வழி சொல்கிறேன் என்று சலூன்காரர் போனைப் பார்த்துப் பார்த்து, இடது என்ற இடத்தில் வலது சொல்லி, வேறு ஏதோ சாலையில் கொண்டுபோய் விட்டார். அது ஒரு பழைய பாலத்தில் ஏறியது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து, நடுவில் பெரிய பச்சைத் தீவு ஒன்று இருந்தது. கரையில் ஒரு வண்டி நிறுத்துகிற அளவுக்குச் சமதரை.

அவள் பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். மூன்று பேரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"அடுத்த வாரமா?" என்றார் அவர்.

"கால் சரியாகட்டும். அதுக்குள்ள நான் எங்கேயாவது நீச்சல் கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கியரை மாற்றினாள்.