வாலைப் பார்க்க மறந்த வீக்கே

க்ரோனிங்கன் நகரத்து நோயெதிர்ப்பு ஆய்வகம் ஒன்றில், வீக்கே தெர்ப்ஸ்ட்ராவிடம், குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி கேட்டுப் போனவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. திட்டு வாங்காமலும் திரும்பியதில்லை.

"எந்த மிருகத்துல செஞ்சது வேணும்? வால் எந்த வகை? எதுமேல சோதிச்சுப் பாக்கப் போற?" என்று கேட்பாள். பதில் தெரியாதவர்கள் காபி அறைக்குப் போய் அவளை நாலு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொண்டு, பிறகு படித்துவிட்டு வருவார்கள்.

முனைவர் பட்டம் வாங்கியதும் சொந்தமாக ஒரு குழு அமைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீக்கே மறுத்துவிட்டாள். கூட்டங்களில் உட்கார அவளால் ஆகாது. அவளுக்குப் பிடித்தது தேர்ந்தெடுக்கும் வேலை. எலிக்கு ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றி, அதன் மண்ணீரல் செல்களைச் சாகாத புற்றுச் செல்களோடு இணைத்து, குழி குழியான தட்டுகளில் வளரவிடுவாள். ஒரு குழியில் ஒரே செல்லின் வாரிசுகள் மட்டும் இருந்தால் அவை அத்தனையும் ஒரே ஆன்டிபாடியைத்தான் சுரக்கும். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான குழிகளில் எது உருப்படும், எதைக் கொட்டிவிடலாம் என்று முடிவு செய்வதில் அவள் கெட்டிக்காரி.

ஹார்மன் வீர்ஸ்மாவுக்காக அவள் தேர்ந்தெடுத்த குழியின் பெயர் 4எஃப்11. மூட்டுவாதக்காரர்களின் மூட்டுகளில் ஒரு புரதம் எந்தச் செல்களில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவன் ஹார்மன். அதைப் பிடிக்கிற ஆன்டிபாடி கடையில் கிடைக்கவில்லை. வீக்கே செய்து கொடுத்தாள். ஒளிரும் சாயம் ஏற்றிச் சோதித்ததில், மற்றக் குழிகள் மினுக்கியபோது 4எஃப்11 தெருவிளக்காக எரிந்தது. அதை வைத்து ஹார்மன் மூன்று வருஷம் படமெடுத்தான். டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் அந்தப் புரதம் கொஞ்சம் இருந்தது. கிருமிகளை விழுங்கும் செல்களில் அப்பிக் கிடந்தது. அதுதான் செய்தி. கட்டுரை தயார். கோடையோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்தக் கட்டுரையைக் காட்டினால் ஸ்வீடனில் லுண்ட் நகரத்து ஆய்வகத்தில் வேலை உண்டு. காட்டாவிட்டால் இல்லை.

குழுவின் தலைவி ரூலீன் ஒரே ஒரு சோதனை கேட்டிருந்தார். அந்தப் புரதத்துக்கான ஜீனையே வெட்டி எடுத்த செல்களின் மேல் 4எஃப்11-ஐப் போட வேண்டும். எதுவும் ஒளிரக் கூடாது.

விழுங்கும் செல்கள் முன்பு போலவே ஒளிர்ந்தன.

"உன் கத்தரி மொண்ணை," என்றாள் வீக்கே, திரையைப் பார்த்தபடி.

"வெட்டின இடத்தை எழுத்து எழுத்தாப் படிச்சுட்டேன், வீக்கே. சுத்தமா வெட்டியிருக்கு. அந்தப் புரதம் இதுல கிடையாது."

"செல்லை மாத்தி எடுத்திருப்ப."

"ரெண்டு தடவையுமா?" ஹார்மன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "ஊருக்கே கேள்வி கேக்கறியே, இப்ப நான் கேக்கறேன். வால் எந்த வகை?"

"ஒண்ணு."

"எப்போ பாத்த?"

வீக்கே தன் பழைய குறிப்பேட்டை இழுத்துப் புரட்டினாள்.

ஆன்டிபாடிக்குக் கைகளும் உண்டு, வாலும் உண்டு. கைகள் பிடிக்க வேண்டியதைப் பிடிக்கும். ஆனால் விழுங்கும் செல்கள் வாலைக் கண்டால் விடமாட்டா. எலி ஆன்டிபாடியில் ஒன்றாம் வகை வால் அவற்றின் பிடியில் நிற்காமல் நழுவிவிடும். இரண்டு-ஏ வகையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் எதையும் பிடிக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி ஒன்றை, அதே வகை வாலோடு, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம்; அதுவும் ஒளிர்ந்தால் அது வாலின் வேலை என்று தெரிந்துவிடும். ஹார்மன் வைத்ததும் ஒன்றாம் வகைதான். வீக்கே சொன்ன வகை.

அவள் அந்த வாலைப் பார்த்த நாளில் 4எஃப்11 குழியில் இரண்டு குடும்பங்கள் கலந்து கிடந்தன. பிறகு செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தபோது ஒரு குடும்பம் அழிந்தது, பளிச்சென்ற குடும்பம் பிழைத்தது. பிழைத்ததன் வாலை அவள் மறுபடி பார்க்கவேயில்லை. அத்தனை நன்றாக எரிந்த ஒன்றைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

வாலின் வகையைக் காட்டும் சோதனைப் பட்டையை 4எஃப்11-இல் நனைத்தாள். கோடு இரண்டு-ஏ-வுக்கு நேராக விழுந்தது.

"மூணு வருஷமா வாலைத்தான் படம் எடுத்தேனா?" என்றான் ஹார்மன்.

"விழுங்கற செல்லுல மட்டும். டி செல்லுக்கு வாலைப் பிடிக்க வக்கில்லை. அது நிஜமா இருக்கலாம்."

"இருக்கலாம்! லுண்டுக்குப் போன் போட்டு 'இருக்கலாம்'னு சொல்றேன், மாலை போட்டுக் கூப்பிடுவாங்க."

"கத்தாதே. மனுஷ ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடியை முதல்ல ஊத்தி, அந்தச் செல்லோட பிடியை எல்லாம் அடைச்சுடுவோம். அப்புறம் 4எஃப்11 போடுவோம். வெட்டின டி செல்லும் உன்கிட்ட இருக்கு இல்ல?"

"இருக்கு."

"அப்போ எடு. சாப்பிட்டுட்டு வா முதல்ல."

பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை ஹார்மன் நின்றுகொண்டே தின்றான். மோரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்.

பிற்பகலில் முடிவு வந்தது. பிடியை அடைத்ததும் விழுங்கும் செல்கள் இருண்டுபோயின. வெட்டாத டி செல்கள் மெலிதாக ஒளிர்ந்தன. வெட்டியவை இருண்டே கிடந்தன. ஆன்டிபாடியின் கைகள் சொன்னது உண்மை. வால் சொன்னது பொய். கட்டுரையின் தலைப்பு போயிற்று. அடியில் ஒரு பத்தியாகக் கிடந்த டி செல் மட்டும் மிஞ்சியது.

ரூலீனின் அறைக்குள் இருவரும் சேர்ந்து போனார்கள். வீக்கே சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னோடது. பிரிச்சு வளத்ததுக்கு அப்புறம் வாலைப் பாக்கலை."

"நீங்க ரெண்டு பேரும் பாக்கலை, நானும் கேக்கலை," என்றார் ரூலீன். "4எஃப்11-ஐ வேற யாருக்காவது குடுத்திருக்கியா?"

"உட்ரெக்ட்ல ஒருத்தருக்கு. இன்னிக்கே சொல்லிடறேன்."

"சரி. லுண்டுக்கு யார் பேசறது?"

"நான் பேசறேன்," என்றாள் வீக்கே.

"வேண்டாம். வேலைக்குப் போகப்போறது நான். நீ பேசினா, அம்மாவைக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்," என்றான் ஹார்மன்.

நடைவழியில் நின்று பேசினான். வீக்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குழாய்களுக்குப் பெயர் எழுதுவது போல் நின்றாள். அவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"விழுங்கற செல் கதையை அந்த ஆய்வகத்துத் தலைவியம்மா மொதல்லேர்ந்தே நம்பலையாம். அதை இப்பத்தான் சொல்றாங்க! கிறிஸ்துமஸ் வரைக்கும் இடத்தை வச்சிருப்பாங்களாம். அதுக்குள்ள டி செல்லை மட்டும் வச்சு முழுசா ஒரு கட்டுரை வேணுமாம். இன்னும் நிறைய நோயாளிங்களோட மூட்டுத் திரவத்துல காட்டணும்."

"முடியுமா?"

"முடிஞ்சா லுண்ட். முடியலைன்னா அப்பாவோட சைக்கிள் கடை."

"உன்கிட்ட சைக்கிளைக் குடுத்தா ஜனங்க நடந்துதான் போகணும்," என்றாள் வீக்கே. "நாளைக்குக் காலையில சீக்கிரம் வா. வரும்போது ஐஸ் வாளியை நிரப்பிட்டு வா."