மண்ணெண்ணெய் குடிக்காத ஜீப்

யாரோ ஓட்டிப் பாவித்த சொகுசு ஜீப் ஒன்றை வாங்கலாமா, விடலாமா என்று சொல்வதற்கு எனக்கிருந்த தகுதி என் காது மட்டும்தான். போரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் டீசல் என்பது வதந்தி. எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடியது. இருமி, புகைந்து, அழுது அழுது ஓடியது. ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து, எங்கே நோகிறது என்று சொல்லிவிடுவேன்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு, தங்கையின் கணவர் உழவு இயந்திரத்தை விற்றார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவர ஒரு ஜீப். ஏசி, தோல் இருக்கை. அந்த வீட்டின் சோறு இனி அதிலிருந்துதான் வரவேண்டும்.

"மச்சான், நீ ஓமெண்டால் எடுப்பன். இல்லையெண்டால் பஸ்ஸிலை திரும்புவம்" என்றார்.

வவுனியாவில், வாகனம் விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் வளவில் அது நின்றது. கறுப்பு. முகம் பார்க்கக்கூடிய கறுப்பு. அடியில் படுத்துப் பார்த்தேன்; துரு இல்லை. குலுக்கம் தாங்கும் வில்லுத்தகடு தேடினேன், அதுவும் இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி, பிளாஸ்டிக்கில். என் ஸ்குரூ டிரைவருக்கு ஊன்ற இடமில்லை. ஏறிச் சாவியைத் திருப்பினேன். சத்தம் வரவில்லை. மீண்டும் திருப்பினேன். ஆட்டுக்குட்டியின் கழுத்தை நெரித்ததுபோல ஒரு கீச்சு.

"விடுங்கோ தம்பி, விடுங்கோ! அது ஓடிக்கொண்டெல்லோ நிக்குது!" வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். நல்ல டீசல் தவிர ஒண்டும் விடாதேங்கோ. மண்ணெண்ணெய் பட்டால் டீசல் பம் போயிடும். பிறகு ஊரிலை ஒருத்தராலையும் ஏலாது."

"என்ன நானா, கொழும்பு மாப்பிள்ளையோ? வாய்க்கு ருசி பாக்குது!" என்றார் மச்சான், வியாபாரியை அண்ணன் முறை வைத்து.

அப்போதே எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் நேற்று மண்ணெண்ணெய் இருந்த பீப்பாவில்தான் இன்று டீசல் இருக்கும். மண்ணெண்ணெய் எங்கள் கை வழக்கம், விருந்தோம்பல், நாற்றம். அதை விட்டுவிட்டு ஒரு வாகனம் எப்படிப் பிழைக்கும்? சொல்லியிருக்கலாம். மச்சான் தோல் இருக்கையில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், மடியில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் முதல்நாள் பிள்ளை போல.

"எஞ்சினிலை பிழை இல்லை" என்றேன். பொய்யில்லை. அவர் கேட்டது அதையல்ல.

மூன்று மாதம் அது ஓடியது. எரிபொருள் நிலையத்தில் மட்டும் டீசல் அடித்தார். தூசி படிந்தால் உடுத்திருந்த சாரத்தால் துடைத்தார். லண்டனிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு கிழமை, பதினாலு நாளைக்கு, ஜீப்பைப் பேசியிருந்தது. அந்த வாடகை சரியாக நடந்தால் அவர்களின் சொந்தக்காரர் எல்லாரும் இவரையே கூப்பிடுவார்கள். மாலையில் விமானம். விடியவே புறப்பட்டார்.

காலை எட்டு மணிக்கு ஒரு லொறிக்காரர் வந்து சொன்னார், இரணைமடுச் சந்தியில் ஜீப் நிற்கிறது, அசைகிறதில்லை என்று. தங்கை அழுதுகொண்டு ஓடிவந்தாள். சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். கொஞ்சத் தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"அண்ணை, நான் வடிச்சுத்தான் விட்டனான்."

"என்னத்தை?"

"எண்ணெயைத்தான். தூரப் பயணமெல்லோ, தாங்கியிலை பாதி எண்ணெயோடை எப்பிடி அனுப்புறது? பழஞ்சீலையிலை ரெண்டு தரம் வடிச்சனான். ஒரு கிளாஸ் எஞ்சின் ஒயிலும் கலந்தனான். உழவு மெசினுக்கு எப்பவும் அப்பிடித்தானே விடுறனான்?"

பாதை திறக்காத அத்தனை வருடமும், விடியற்காலையில் எழும்பி, மண்ணெண்ணெய் வடித்து ஊற்றி அவரை வயலுக்கு அனுப்பியவள் அவள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதுபோல. வியாபாரி சொன்னதை வீட்டில் யார் அவளுக்குச் சொன்னோம்? மச்சானும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மிதிக்க மிதிக்கச் சந்தி கிட்ட வந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

ஜீப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு யோசனை.

"தள்ளிப் பாப்பம்."

"பற்றரியாத்தான் இருக்கும்."

"பெரிய இடத்துப் பிள்ளையப்பா, கோவிச்சிட்டுது!"

மச்சான் சிரிக்கவில்லை. நான் எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்தேன். எனக்குப் பிறவியிலிருந்தே தெரிந்த மணம்.

"என்ன மச்சான்? ஏலுமோ? பின்னேரம் பிளேன்."

தங்கை சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலாது. பம் போட்டுது. வாங்கின அண்டைக்கே பழுதாத்தான் இருந்திருக்கு. நான்தான் சரியாப் பாக்கேல்லை" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒரு தரம் குனிந்து மணந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ..." தங்கை ஓரடி முன்னால் வந்தாள். "அது, நான் விடியப்புறம்..."

"நீர் சும்மா இரும்" என்றார் மச்சான், கோபமே இல்லாத குரலில். "வாகனத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"