ஆயுத பூஜைக்கு ஓய்ந்த மூச்சு மெஷின்

நம்பச் சொல்லவில்லை. நானாயிருந்தால் நம்பமாட்டேன். மைசூர் மின்வாரியத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். பிளக்கைச் செருகாமல் எதுவும் ஓடாது என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே மதம். ஆனாலும் இது நடந்தது. போன தசராவில், என் படுக்கையறையில்.

தூக்கத்தில் எனக்கு மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறதாம். டாக்டர் அதை விருது அறிவிப்பதுபோல் அறிவித்தார். ராத்திரி முழுக்க முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின், அல்லது தொண்டையில் ஆபரேஷன்.

"ரெண்டும் வேணாம்னா?"

"ஒரு நாள் நின்னது நின்னதுதான்."

மைத்துனன் ருத்ரேஷுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. "ஆபரேஷனே பண்ணிக்குங்க பாவா. மூஞ்சில தும்பிக்கையோட படுத்தா அக்கா பயந்துடுவா."

"இவர் குறட்டைக்குப் பயந்து நான் ஹாலுக்குப் போயி எட்டு வருஷம் ஆச்சு. தும்பிக்கைய எங்கடா பாக்கப் போறேன்?" என்றாள் என் மனைவி ஜலஜா.

முதலில் பதினைந்து நாள் வாடகைக்கு மெஷின், ஒத்துவராவிட்டால் கத்தி என்று முடிவாயிற்று. கடைக்காரர் சென்னபசப்பா கொடுத்தது பழைய மெஷின். முகமூடி மட்டும் புதுசு. ஐந்து ராத்திரி அதோடு மல்லுக்கட்டினேன். ஆறாம் நாள் ஆயுத பூஜை.

ஸ்கூட்டர், மிக்ஸி, என் டெஸ்டர் எல்லாவற்றுக்கும் குங்குமமும் சாமந்தியும் வைத்தாள் ஜலஜா. மூச்சு மெஷினுக்கும்.

"பூஜை பண்ணினத இன்னிக்கு ஓட்டக் கூடாது. அதுவும் ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

உள்ளூர எனக்குக் குஷி. என் மதத்துக்கும் அன்று லீவு விட்டேன். பிளக்கை நானே பிடுங்கி, ஒயரைச் சுற்றி மெஷின்மேல் வைத்தேன்.

மணி 2.47. விழித்துக்கொண்டேன்.

உஸ்ஸ்... உஸ்ஸ்...

யாரோ மூச்சு விடுகிறார்கள். அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

சத்தம் மேஜையிலிருந்து வந்தது. மெஷின் திரையில் வெளிச்சமில்லை. ஒயர் சுற்றியபடியே இருந்தது. முகமூடி மட்டும் உப்பியது... தளர்ந்தது. சாமந்தி இதழ் ஒன்று அசைந்தது.

உஸ்ஸ்...

இருபது நிமிஷத்துக்கு மேல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு நின்றுவிட்டது.

எண்ணினேன். பத்து... இருபது... முப்பது...

நானும் மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடப் பார்த்தேன்.

முடியவில்லை...

3.12.

என் மார்பில் ஒரு கை. ஜில்லென்று.

"மாட்டு."

வயதான ஆண் குரல்.

அதற்குமேல் நினைவில்லை.

காலையில் முகமூடி என் முகத்தில் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிளக் சுவரில். நான் செருகவில்லை. ஜலஜாவும் செருகவில்லை.

அடுத்த வாரம் டாக்டர், மெஷினில் மூச்சுக் கணக்கைப் பதியும் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பூஜை ராத்திரி மூணு பன்னெண்டுலேருந்து உங்க மூச்சு. அதுக்கு முன்னாடி ஒரு இருபத்தஞ்சு நிமிஷம்... மெஷினை வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நேராகச் சென்னபசப்பாவிடம் போய், அதே மெஷின்தான் விலைக்கு வேண்டும் என்றேன். அவர் தயங்கினார்.

"புதுசா எடுத்துக்குங்க சார். அது... ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வெச்சிருந்தது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு அவங்க வீட்ல அதுக்கும் பொட்டு வெச்சு, ஓட்டக் கூடாதுன்னு எடுத்து வெச்சுட்டாங்க. நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து, இருட்டுல தட்டுத் தடுமாறி அதுகிட்ட போயிருக்கார். கைல முகமூடியைப் புடிச்சபடியே போயிட்டார்."

"எத்தனை மணிக்கு?"

"தெரியல. அவங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணினப்போ மூணு பன்னெண்டு. அவர் போனதே தெரியாம, மெஷினை எப்படி ஆன் பண்றதுன்னு கேட்டாங்க."