நிழல் காணாமல் போன மதியம்

ஐந்து வயது மகளிடம் பூமி சாய்ந்து சுற்றுகிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

அது சித்திரை மாதம். தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், பக்கத்து வீட்டு அக்காவும் நானும் வடாம் பிழிந்து காயவைத்திருந்தோம். காக்காய் விரட்ட நின்ற மகள் உச்சிவேளையில் திடீரெனக் கத்தினாள்.

"அம்மா, என் நிழலைக் காணோம்!"

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்டி," என்று அக்கா சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். துணிக்கொடி கட்டிய இரும்புக் கம்பத்துக்கும் நிழல் இல்லை. பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால் வருடத்தில் இரண்டு நாள் நம் ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் என்று, பள்ளியில் படித்ததை ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே மெய்சிலிர்த்தது. எவ்வளவு பெரிய உருண்டை, சுழன்றுகொண்டே ஓடுகிறது! அதன் மேல் விரித்த வேட்டியில் ஒரு வடாம்கூட நகரவில்லை.

மகளோ தரையில் உட்கார்ந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். "சாஞ்சா நாம விழுந்துடுவோமேம்மா?"

அன்றிலிருந்து கட்டில் விளிம்பைப் பிடித்தபடிதான் தூங்குகிறாள். புவியீர்ப்பைப் பற்றிச் சொன்னால் பயம் இன்னும் கூடுமோ என்று பேசாமல் இருக்கிறேன். உங்கள் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.