விரிந்த கண்ணும் உரித்த பூண்டும்

என் ஸ்வெட்டரின் இடது பையில் எப்போதும் ஒரு மலைப்பூண்டு கிடக்கும். கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்பது என் வேலை. அறைச் சாவி என்று நினைத்துப் பூண்டை எடுத்து விருந்தாளியிடம் நீட்டியதும் உண்டு. "வாய்வுத் தொல்லையா சார்?" என்று அக்கறையோடு கேட்டார் ஒருவர். "இல்லைங்க, பயத் தொல்லை" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். அந்தப் பூண்டு, என் அண்ணன் மனைவியான மதினி ஒரு மத்தியானம் அவசரத்துக்கு எனக்குக் கொடுத்த மருந்து. அதற்கும் அந்த நோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் குணமாகிவிட்டது.

பயப்படுவதில் எனக்குப் பிறவியிலேயே நல்ல தேர்ச்சி. இடது கை மரத்துப்போனால் மாரடைப்பு. வலது கை மரத்துப்போனால், மாரடைப்பு வழி தவறி அந்தப் பக்கம் போய்விட்டது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டைப் படித்துவிட்டேன் என்றால், அதில் போட்டிருக்கும் பக்கவிளைவுகள் எல்லாம் மாத்திரையை விழுங்கும் முன்பே எனக்கு வந்து சேர்ந்துவிடும். வெளியே ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டும் உள்ளே நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டும் இருப்பதுதான் என் பிழைப்பு. இதையெல்லாம் நரம்புத் தளர்ச்சி என்று வீட்டில் மரியாதையாகச் சொல்வார்கள். மதினி மட்டும், "கொழுந்தனாருக்கு உடம்புக்குள்ள ஒரு நாடகக் கொட்டகை இருக்கு, டிக்கெட்டே இல்லாம தெனம் ரெண்டு ஆட்டம்" என்பார்.

மதினி பேத்துப்பாறைக்காரர். பூண்டு போட்டு வளர்ந்த குடும்பம். அண்ணனைக் கட்டிக்கொண்டு வட்டக்கானலுக்கு வந்தவர், வீட்டின் மேல்பகுதியை வெளியூர்க்காரர்கள் தங்கும்படி மாற்றி, கீழே அடுப்படியை ராஜ்ஜியமாக வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் மதினிக்கும் கொழுந்தனுக்கும் கேலி பேச உரிமை உண்டு. ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டால், ஏதும் மனத்தாங்கலா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அப்படி யாரும் விசாரிக்கும்படி நாங்கள் வைத்ததில்லை.

வட்டக்கானலில் காளான் என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. குழம்பில் போடும் காளான் ஒன்று. போதையைத் தலைக்கு ஏற்றிக்கொள்ள இளவட்டங்கள் பஸ் ஏறித் தேடி வரும் காளான் இன்னொன்று. இந்த இரண்டாவது சமாச்சாரத்தால் போலீஸ் வரும், ஆஸ்பத்திரி வரும், பெற்றோர் அழுதுகொண்டு வருவார்கள். விடுதி மேசையில் நின்றபடியே அதன் லட்சணம் முழுவதும் எனக்குக் காதுவழி மனப்பாடம். கண் பெரிசாகும், வெளிச்சம் ஒழுகும், எழுத்து எழுந்து நடக்கும். நான் தொட்டதில்லை. தொடாமலே நடுங்கத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?

என் மகளின் நிச்சயதார்த்தத்தை மதினி வீட்டில்தான் வைத்திருந்தோம். என் வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் ஜன்னலில் உட்கார வேண்டும். மாப்பிள்ளை வீடு பழனி. அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. பெண் பார்க்க வந்தபோது தைப்பூசக் கூட்டம் என்பதால் மாப்பிள்ளையின் அப்பா கடையை விட்டு வரவில்லை. பேச்செல்லாம் பெண்கள் வழியாகவே முடிந்தது. அவரைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த தகவல் இரண்டுதான். ஒன்று, சிரிக்க மாட்டார். இரண்டு, மகனுக்கு முன்பு பார்த்த ஓர் இடத்தில் பெண்ணின் அப்பா கொஞ்சம் 'போட்டுக்கொண்டு' வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போனவர். என் மகளோ கைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்து மாதக்கணக்காகியிருந்தது. இந்த இடம் கைநழுவினால் அந்தச் சிரிப்பும் போய்விடும். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தெளிவாக உட்கார்ந்து, நிச்சயப் பத்திரிகையைத் திக்காமல் வாசிக்க வேண்டும்.

கொஞ்ச நாளாகக் கிட்டத்து எழுத்து மங்கிக்கொண்டு வந்தது. அன்று காலையில் ஊருக்குள் இலவசக் கண் முகாம் என்றார்கள். வெள்ளனே எழுந்து போய்விட்டேன். பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடியே இருக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினால் எனக்கு வாய் திறந்துகொள்ளும். நர்ஸ் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, உங்களுக்கும் எழுத்து தெரியலையா?"

"ஆமாங்க. ஒரு சோலியா மலைக்கு வந்தேன். வந்ததே வந்தோம், கண்ணையும் காட்டிருவோம்னு உக்காந்துட்டேன்."

"எனக்கு இன்னைக்கு மகளுக்கு நிச்சயம். பழனியிலேர்ந்து ஒரு சம்பந்தி வர்றாரு. அந்தாளு சிரிச்சு, அவர் கடையில இருக்கிற சாமி படங்கூடப் பாத்ததில்லையாம்!"

பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு, "பதனமா நடந்துக்குங்க" என்றது குரல். அதற்குள் என் முறை வந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். கண்ணாடி போட வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்தால் மேகம் இறங்கி, ரோட்டையே காணவில்லை. நல்ல கண்ணுக்கே ஒன்றும் தெரியாத நாளில், என் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

மதினி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. காளான் வறுவல். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டேன், "மதினி, இது எங்க வாங்குனது?"

"வாங்குறதா? வட்டக்கானல்ல இருந்துக்கிட்டு எவளாவது காளான் வாங்குவாளா? சோலைக்குள்ள போயி நானே பறிச்சேன். கொழுந்தனாருக்குன்னு ரெண்டு கூடுதலாப் போட்டிருக்கேன். சம்பந்தி முன்னால ஒரு ஆட்டம் ஆடிருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, வெயில் சுளீரென்று அடுப்படிக்குள் விழுந்தது. எவர்சில்வர் தம்ளரின் விளிம்பிலிருந்து ஊசி ஊசியாக ஒளி கிளம்பி என் கண்ணுக்குள் பாய்ந்தது. ஜன்னலோரப் பூந்தொட்டியின் சிவப்பு தொட்டியை விட்டு வெளியே வழிந்தது. பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் சர்க்கரையைக் கண்ட எறும்புகள் மாதிரி ஊர்ந்தன. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் போய், சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். என் கண்ணில் வெள்ளை இருந்தது, கறுப்பு இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய பழுப்பைக் காணோம். இரண்டு கிணறுகள் என்னைப் பார்த்தன.

கொட்டகையில் மணி அடித்துவிட்டார்கள். நெஞ்சு திமுதிமுவென்று ஓடியது. நாக்கு அட்டையாகக் காய்ந்தது. விரல் நுனிகளில் பொரிபொரியென்று ஏதோ ஊர்ந்தது. உள்ளங்கை வேர்த்தது. பேரன்கள் வந்து மனநல ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துவிட்டுப் போகும் காட்சிகூட ஓடி முடிந்துவிட்டது. அப்புறம்தான், மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்ற நினைவு வந்தது.

"மதினி, ஏறிருச்சு."

"என்ன, வெலவாசியா?"

"காளான்."

மதினி சிரிக்க வாயெடுத்தவர், என் கை நடுங்குவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஐயோ, வெளையாட்டுக்குச் சொன்னேங்க. மார்க்கெட்டுல வாங்குனது. டப்பா இந்தா கெடக்கு பாருங்க" என்று எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். டப்பாவின் மேலிருந்த எழுத்தும் ஊர்ந்தது. எனக்கு அதுவே போதுமான சாட்சி. "நான் பயந்துருவேன்னு பொய் சொல்றீங்க" என்றேன். மேலே அறையில் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் படியிறங்கி வந்தது. "இந்தக் கண்ணைப் பாத்தா அந்த மனுசன் எந்திரிச்சுப் போயிருவாரு மதினி. அவ சிரிப்பு போயிரும்." 

மதினி டப்பாவைக் கீழே வைத்தார். உண்மை எடுபடாது என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது. அடுப்படி வாசலை ஒட்டி மணையைப் போட்டு என்னை உட்காரவைத்தார். மடியில் ஒரு முறம் நிறையப் பூண்டைக் கொட்டினார். "சரி, ஏறிருச்சு. எறக்கிருவோம். எங்க ஊருல இதுக்கு ஒரு முறிவு இருக்கு. உரிச்சுக்கிட்டே இருங்க. வெரசா வேணாம். தோல் கிழியக் கூடாது, கிழிஞ்சா மருந்து வேல செய்யாது."

நான் உரித்தேன். மலைப்பூண்டின் தோல் உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கும். நகத்தை நுனியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து, மெல்ல இழுத்து, முழுசாகக் கழன்றதும்தான் மூச்சை விட வேண்டும். எழுத்துத் தெரியாத கண்ணுக்குப் பூண்டும் தெரியவில்லை. விரலே கண்ணாயிற்று. ஒரு குவியல் உரித்திருப்பேன். எப்போது நெஞ்சு நடைக்கு வந்தது, எப்போது விரல் ஊர்வது நின்றது என்று தெரியாது. கண் மட்டும் அப்படியே இருந்தது. "கண்ணுக்குப் பூண்டு எட்டலை மதினி" என்றேன். "தலையக் குனிஞ்சுக்கிட்டே இருங்க, அடக்கமான சம்பந்தின்னு நெனச்சுக்குவாங்க" என்றார்.

வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகனின் கையைப் பிடித்தபடி நடந்து வந்து அமர்ந்தார். இந்த வயதிலும் ஸ்டைலைப் பார் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். நான் பாயின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையை என் கையில் கொடுத்தார்கள். கை நீளும் மட்டும் நீட்டிப் பார்த்தேன். எறும்புகள் இன்னும் கலைந்து போகவில்லை.

"நீங்களே வாசிச்சிருங்களேன்" என்று அவர் பக்கம் தள்ளினேன்.

"எனக்கும் தெரியாதுங்க" என்று அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

நிமிர்ந்து பார்த்தேன். அங்கேயும் இரண்டு கிணறுகள். முடிந்தது, இனி யாரைப் பார்த்தாலும் என் கண்ணாகவே தெரியப்போகிறது என்று முறத்தைத் தேடினேன்.

"காலையில சொட்டு விட்டாங்கல்ல" என்றார் அவர் நிதானமாக. பெஞ்சில் கேட்ட அதே குரல். "சாயங்காலம் வரைக்கும் கண்ணு விரிஞ்சேதான் இருக்கும், கிட்டத்து எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும்னு அந்த நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. நீங்க எங்க கேட்டீங்க? என்னையப் பத்தில்ல பேசிக்கிட்டிருந்தீங்க!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு பாய். "எங்க கடைச் சாமி படத்துக்குச் சொல்லிவிடணும், நான் சிரிச்சுட்டேன்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஷயம் புரிந்ததும் அடுப்படி வாசலில் நின்ற மதினி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு அப்பாக்களுக்கும் எழுத்துத் தெரியாததால் பத்திரிகையை என் மகளே வாசித்தாள். தன் நிச்சயத்தைத் தானே வாசித்த பெண் எங்கள் உறவில் அவள்தான் முதல். தட்டு மாற்றும்போது இருவரும் தடவித் தடவித்தான் பிடித்தோம். "என்னங்க, வெத்தலையில பூண்டு வாசம்?" என்றார் சம்பந்தி. "முறிவுங்க" என்றார் மதினி தரையிலிருந்தபடியே.

பின்னொரு நாள் விடுதியில் தங்க வந்த டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கண்ணின் வாசலைச் சுருக்கும் நரம்பின் பேச்சைச் சொட்டு மருந்து கொஞ்ச நேரம் கேட்கவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான் என்றார். மீதி ஆட்டம் எல்லாம் என் சொந்தத் தயாரிப்பாம். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் விரல் நுனி ஊரும். மூச்சு நிதானப்பட்டால் அடங்கும். உடம்பு தனக்குள்ளேயே காய்ச்சும் சரக்கு, சோலையில் முளைப்பதற்குக் குறைந்ததில்லை என்று எனக்குப் பட்டது. ஒரு பொய் ஏற்றியது, இன்னொரு பொய் இறக்கியது. இரண்டையும் சொன்னது ஒரே வாய். நடுவில் சொன்ன உண்மையைத்தான் நான் நம்பவில்லை.

இப்போது மதினிக்குக் கை நடுங்குகிறது. அவருடையது என்னைப் போலக் கொட்டகை நடுக்கமில்லை, நிஜமான நரம்பு நோய். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வத்தலக்குண்டில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். வேளாவேளைக்கு மாத்திரை. போட்டுக் கொஞ்ச நேரத்தில் கை அடங்கிவிடும். அதைக் "கரண்டு வந்துருச்சு" என்பார். அடுத்த வேளை நெருங்கினால் "கரண்டு போகப்போகுது, வெரசா அந்தத் தம்ளரை வாங்குங்க." வட்டக்கானல் வீட்டுக்கு இளைய மருமகள் புதுப் பெயின்ட் அடித்து, வருகிறவர்களுக்குக் காளான் பாஸ்தா பண்ணிப் போடுகிறாளாம். "எங்க பறிச்சதுன்னு எவனாவது கேக்குறானா?" என்று மதினிக்கு வருத்தம்.

போன வாரம் போயிருந்தபோது மாத்திரை போட்டுவிட்டு, கரண்டுக்குக் காத்திருந்தார். கை மடியில் தன்போக்கில் ஆடிக்கொண்டிருந்தது. மதினி அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஸ்வெட்டர் பையிலிருந்து பூண்டை எடுத்து, உடைத்து, அவர் உள்ளங்கையில் ஒரு பல்லை வைத்தேன். என் கையில் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

"உரிச்சுக்கிட்டே இருங்க மதினி. வெரசா வேணாம். தோல் கிழியக் கூடாது."

அவர் நுனியில் நகம் கொடுத்துத் தோலைப் பாதி தளர்த்திவிட்டு, திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். குரலைத் தாழ்த்தி, "கொழுந்தனாரே, உங்க கண்ணு ஏன் இப்படி விரிஞ்சு கெடக்கு?" என்றார்.

நான் எழுந்து முகம் பார்க்கும் கண்ணாடியைத் தேடிப் பாதி அறை போய்விட்டேன். பின்னால் மதினியின் சிரிப்பு கேட்டுத் திரும்பினேன். சிரிப்பில் கை இன்னும் வேகமாக ஆடியது. அந்த ஆட்டத்திலேயே தோல் தானாகக் கழன்று பறந்து, வெள்ளை வெளேரென்று ஒரு பல், கீறலில்லாமல் அவர் உள்ளங்கையில் துள்ளிக்கொண்டிருந்தது.