பெயின்ட் அடிக்காத பிளாக்

விரிஞ்சிபுரம் தாண்டி நெடுஞ்சாலையில் எங்கள் லாரி நின்றபோது அதற்கு இருபத்திரண்டு வயது. ராணிப்பேட்டையிலிருந்து தோல் ஏற்றிக்கொண்டு என் கணவர் வாணியம்பாடிக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ரேடியேட்டர் குழாய் கிழிந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. அவர் கவனிப்பதற்குள் இன்ஜின் கொதித்து அடங்கிவிட்டது. ஆம்பூரில் மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "பிளாக்கே விரிசல் விட்டிருக்கு. வேற பிளாக் கெடைச்சா கட்டித் தர்றேன்" என்றார். பிளாக் என்பது இன்ஜினின் உடம்பு. மற்ற பாகங்களெல்லாம் அதற்குள்தான் உட்கார வேண்டும்.

கணவரின் அண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னார்: "எடைக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாரு. வெச்சிருந்தா பேஜார்தான் ஜாஸ்தியாவும்."

சொந்தமாக வண்டி வாங்குவதற்கு முன் பதினோரு வருடம் இன்னொருவருக்கு லாரி ஓட்டியவர் என் கணவர். அந்தப் பழைய முதலாளி, டிரைவர் வேலை காலியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் காலை இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா, திரும்பவும் அடுத்தவங்க வண்டிக்கு சாவி வாங்கப் போறீங்களா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

"பழைய பிளாக் பார்க்கலாம். நானும் வர்றேன்."

"நீ வந்து இன்னா பார்ப்ப?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாலு வருடமாகத் தோல் பிரித்துத் தரம் பார்க்கிறேன். மாட்டின் முள்கீறலும் உண்ணிக் கடியும் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் விரல் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் இரும்பு எனக்குப் புதிது. அதனால் அந்த வாரம் ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் நின்றேன். எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று கேட்டேன். முதல் நாள் அவர் சிரித்தார். மறுநாள் உடைந்த எங்கள் பிளாக்கையே திருப்பிப் போட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். என் பையில் சாக்பீஸும் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் இருந்தன. கடைக்காரர் என் கணவரிடம் மட்டுமே பேசினார். என்னிடம், "நீங்க அப்படி உட்காருங்கம்மா, வெயிலா இருக்கு" என்றார். நான் உட்காரவில்லை.

அவர் காட்டிய பிளாக் பச்சை பெயின்ட்டில் பளபளத்தது. கணவருக்குப் பிடித்துவிட்டது. பக்கச் சுவரில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் பூச்சு தடித்திருந்தது.

"பழைய இரும்புக்கு எதுக்குப் புது பெயின்ட்டு?" என்று கேட்டேன்.

"பார்க்க நல்லா இருக்கட்டும்னுதான். இது தோல் இல்லம்மா."

நான் வேலை செய்யும் இடத்தைக் கணவர் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார் போல. அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, துடைத்து, சாக்பீஸ் தேய்த்தேன். உள்ளே தண்ணீர் ஓடும் வழியில் மண்ணெண்ணெயை ஊற்றினேன். விரிசல் இல்லையென்றால் சாக்பீஸ் வெள்ளையாகவே இருக்கும். ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தோம். வெள்ளையின் நடுவே நூல் மாதிரி ஒரு ஈரக்கோடு இறங்கியது.

"வெல்டு வெச்சா ஓடும்மா."

"எதுவரைக்கும் ஓடும்?"

அவர் முகம் மாறிவிட்டது. நான் கடையின் பின்பக்கம் நடந்தேன். பழைய டயர்களுக்கு அடியில் அதே மாடல் பிளாக் ஒன்று கிடந்தது. மேலெல்லாம் துருவும் காய்ந்த ஆயிலும். பெயின்ட்டே இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைப் பிடிக்கும் ஏழு மூடிகளிலும் எண்கள் வரிசையாக இருந்தன. ஒரு மூடி வேறு இன்ஜினுடையதாக இருந்தாலும் தண்டு நேராக உட்காராது என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். பக்கச் சுவரைத் துடைத்துச் சாக்பீஸ் தேய்த்து, மிச்சமிருந்த மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்த்தேன். சாக்பீஸ் வெள்ளையாகவே நின்றது.

"அது வேற ஆளுக்குச் சொல்லி வெச்சது" என்றார் கடைக்காரர்.

"எப்ப வருவாரு?"

"வருவாரு."

"வரட்டும். நான் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லி அந்த பிளாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். துரு சேலையில் அப்பியது. கணவர் வாசலுக்கும் எனக்கும் நடுவில் தவித்துக்கொண்டு நின்றார். மதியம் ஆயிற்று. யாரும் வரவில்லை. கடைக்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல சொல்லிக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இதக் குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, வேற கடைக்குப் போறோம். அந்தப் பச்சை வேணாம்" என்றார் கடைக்காரரிடம்.

பச்சை பிளாக் இனி எங்களிடம் விலை போகாது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் முனகிவிட்டு டயர்களை நகர்த்தச் சொன்னார்.

லேத் பட்டறையில் அளந்தபோது ஒரு சிலிண்டர் தேய்ந்திருந்தது. அதற்கு மட்டும் உள்ளே புது ஸ்லீவ், அதாவது இரும்பு உறை, போட வேண்டியிருந்தது. கணவரின் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். நான் அவருக்குக் காபி கொடுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து முதல் லோடு. நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டேன். சூடு காட்டும் முள்ளையே இருவரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனோம். வாணியம்பாடியில் சரக்கை இறக்கியதும் அவர் பானெட்டைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். குறையவில்லை. திரும்பும்போது, "அந்த முதலாளிக்கு நான் வரலன்னு போன் பண்ணிட்டேன்" என்றார்.

"எப்ப?"

"பிளாக் வாங்கின அன்னிக்கே."